இடது பக்க ஜன்னல்

இடது பக்க ஜன்னல் கிடைக்காவிட்டால் தனகோடிக்கு அது ரயிலே இல்லை. ஞாயிறுதோறும் ஆம்பூரில் வண்டி நின்றதும் நிற்காததுமாகக் கார்டு வண்டிக்கு முந்தின பெட்டியில் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்த பிறகுதான் மேல்துண்டை எடுத்து முகம் துடைப்பார். ஜோலார்பேட்டைக்கு டிக்கெட். அங்கே அவருக்கு வேலையும் இல்லை, உறவும் இல்லை. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பதை நின்று பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவார்.

மற்ற நாளெல்லாம் தோல் கிடங்கின் சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் அளவு நிற்கிற மனிதர். ஆவாரம்பட்டைச் சாயம் நகக்கண்ணில் ஏறிப் பழுப்பாகக் கிடக்கிறது. தூரத்தில் ஊதல் கேட்டால், "இது மூச்சு வாங்கற எஞ்சினு. நம்ம மெயில் இல்ல" என்பார். ஞாயிற்றுக்கிழமை மனைவி பூவம்மாள் சீயக்காய் போட்டு முதுகு சிவக்கத் தேய்த்துவிடுகிறாள். நாற்றம் போவதில்லை.

சண்டையே அதனால்தான். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தால் காற்று அவர்மேல் பட்டுத்தானே உள்ளே வரும்? மூக்கைப் பொத்திக்கொண்டு, எழுந்து கதவோரம் போகச் சொல்வார்கள். அதைச் சொல்கிறவர் தோல் பெட்டிமேல் சாய்ந்துகொண்டுதான் சொல்வார். சில ஞாயிறுகளில் அதே வண்டியில் போகிற எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

வாணியம்பாடி தாண்டி ஏலகிரி மலையோரம் பாதை வளைகிறது. அந்த ஜன்னலில் இருப்பவருக்கு அங்கே எஞ்சின் முழுசாகத் தெரியும். அதற்காகத்தான் இத்தனை பாடும். இரண்டு வாரமாக, வளைவு வருவதற்குள் அவரைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கதவை அடைத்து நின்றவர்கள் முதுகைத்தான் பார்த்தாராம். "பேஜாராப் போச்சு சார். சோறே எறங்கல."

சென்ற ஞாயிறு நானும் அந்தப் பெட்டியில் இருந்தேன். வாணியம்பாடியில் ஏறிய ஒரு கோட்டுக்காரர், தம் தோல் பெட்டியைக் காலடியில் வைத்ததுமே தனகோடியை எழுந்திருக்கச் சொன்னார். தனகோடி திரும்பிப் பார்க்கவில்லை.

"பூட்சு வோணும், பொட்டி வோணும். தோல ஊற வெச்சவன் மட்டும் வோணாமா?"

பெட்டியில் இருந்த அத்தனை பேரும் அவர்மேல் பாய்ந்தார்கள். கோட்டுக்காரர் தனகோடியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். தோள்பட்டைத் தையல் விட்டது. தனகோடி இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை வெளியே பார்த்து வைத்திருந்தார். வண்டி வளைந்தது. மலையடியில் எஞ்சின் புகை கக்கிக்கொண்டு திரும்பியது. கரித்தூள் ஒன்று அவர் கண்ணில் விழுந்து நீர் கொட்டியது. அதைத் துடைக்கக்கூட அவர் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.