லைன் வீட்டுக்கு ஒரு பேர்

பனி விலகும் முன்பே சாந்தாமேரி இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு காப்பித் தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார். பழம் பறிக்கும் கை ஓயாது, வாயும் ஓயாது. மேஸ்திரி, காலில் ஏறும் அட்டை, வலிக்கும் முழங்கால் எல்லாவற்றுக்கும் திட்டு உண்டு. டீயை மட்டும் நின்றுகொண்டே குடிப்பார். "உக்காந்தா மறுக்கா எந்திரிக்கணுமுங்களே," என்பார்.

ஏற்காடு ஏரியிலிருந்து நாலு வளைவு கீழே, ரிசார்ட் மதிலுக்குப் பின்னால், ஒட்டி ஒட்டிப் பன்னிரண்டு வீடுகள். எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டியது, லைன் என்பார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்றுதானே அத்தனை உயரத்துக்கு மதில். சாந்தாமேரி பிறந்தது அங்கே நாலாம் நம்பர் வீட்டில், இன்றும் இருப்பது அதில்தான். ஆனால் சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை. மாதா கோயில் காலண்டர் தரையில் சாய்ந்து நிற்கிறது. "எஸ்டேட் ஊடுங்க. நம்முளுது என்ன இருக்குது?"

வீட்டில் ஒருவராவது எஸ்டேட் வேலைக்குப் பேர் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். அம்மா படுத்த படுக்கையானபோது, பத்தாவதைப் பாதியில் விட்டுவிட்டு இவர் பேர் கொடுத்தார். இப்போது இவருக்கும் ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் மகள் பேரைச் சொல்லுங்கள் என்று, கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மகள் ஜோஸ்லின் பி.காம். முடித்தவள். போன மாதம் அந்த ரிசார்ட்டிலேயே வரவேற்பறை வேலை கேட்டுப் போனாள். கேட்டதற்கெல்லாம் நன்றாகத்தான் பதில் சொன்னாளாம். கடைசியாக எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டார்கள். லைன் என்றதும், ரூம் கூட்டுகிற வேலை இருக்கிறது என்றார்கள். சாந்தாமேரிக்குக் கோபப்படக்கூட அலுப்பு. "எனக்கும் அதையேதானுங்க சொன்னாங்க, இருவது வருசத்துக்கு முன்னால."

பிறகு ஜோஸ்லினுக்குச் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. தங்க இடம் உண்டு, ஆனால் அவளுக்கு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை காலை சேலம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஜோஸ்லின் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

"நானே பேரு குடுத்தர்றேம்மா. ஊட்ட உட்டுட்டு நீ எங்க போவ?"

"நொம்ப யோசிக்காத கண்ணு. ஏறு."

அவள் ஏறவில்லை. சாந்தாமேரி அவள் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார். கண்டக்டர் விசில் ஊதும் வரைக்கும் காத்திருக்கவில்லை. பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டு தட்டினார்.