சந்தனம் இல்லாத பொட்டு

என் கணவருக்கு வேலை போனதிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் நிம்மதியாகப் பழுதாகிக் கிடக்க முடிவதில்லை. மிக்சி, மின்விசிறி, குழாய், என் செருப்பின் வார் வரை எல்லாவற்றையும் பிரித்து மாட்டிவிட்டார். சில பொருட்கள் முன்னைவிட நன்றாகவே ஓடின. மிக்சி மட்டும் சட்னி அரைக்கும்போது மேடையை விட்டு இறங்கப் பார்க்கும். ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அரைக்கப் பழகிவிட்டேன். வேலை இழந்து உட்கார்ந்திருக்கும் மனிதரைக் குறை சொல்லக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். பள்ளியில் வாயாடி டீச்சர் என்று பெயர் எடுத்தவள் நான். அந்தச் சட்டத்தைக் காப்பாற்ற என் நாக்கு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் மிக்சி வேறு, கார் வேறு. விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் பள்ளி. தினமும் நான்தான் காரை ஓட்டிக்கொண்டு போகிறேன். மகளும் அதே பள்ளியில் படிக்கிறாள். முன் இருக்கையில் என் பையும் சாப்பாட்டுக் கூடையும் திருத்த வேண்டிய நோட்டுகளும் உட்கார்ந்திருக்கும் என்பதால் அவள் இடம் பின்னால், இடது பக்கம். அந்தக் கண்ணாடி முழுக்க அவள் ஒட்டிய பூனைப் படங்கள். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் அதில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். தலை எண்ணெய் பட்டு அங்கே ஒரு கறை எப்போதும் இருக்கும்.

பின் பிரேக் தேய்ந்துவிட்டது என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். "பிரேக் ஷூ மாத்தணும். நானே மாத்திடறேன்" என்றார்.

"மெக்கானிக்கிட்ட வுட்டுடலாமேங்க."

"கார் பாகம் செய்யற கம்பெனில இத்தினி வருஷம் நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்னு நெனச்ச?"

கம்பெனியில் அவர் பொருத்தியது கதவுக் கைப்பிடி. காலை முதல் மாலை வரை கதவுக் கைப்பிடி மட்டும்தான். சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் காரை நிறுத்தி, முன் சக்கரங்களுக்குச் செங்கல் அண்டை கொடுத்து, பின்னால் ஜாக்கியைப் போட்டு ஏற்றினார். பக்கெட்டின்மேல் செல்போனைச் சாய்த்து வைத்து வீடியோ ஓடவிட்டார். அதில் பேசியவர் என்ன மொழி பேசினார் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. "மொழி எதுக்கு? கை பேசுது பாரு" என்றார். சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம் லேசில் கழன்று வரவில்லை. சுத்தியலால் தட்டத் தட்ட, தெருவே கூடி யோசனை சொன்னது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்கள் எல்லாம் பிரேக்கைப் பற்றிப் பேசினார்கள்.

வலது சக்கரத்தை முதலில் முடித்தார். கழற்றிய ஸ்பிரிங்குகளை நாளிதழின்மேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் துடைத்து, பழையது போலவே மாட்டினார். நடுவில் சீட்டியடித்தார். அந்தச் சீட்டியை எத்தனையோ மாதங்களாக நான் கேட்கவில்லை. அடுப்படியில் நின்று கேட்டேன், அழுகை வந்துவிட்டது. இந்த ஒரு சத்தத்துக்காக நாலு சக்கரத்தையும் கழற்றட்டுமே என்று தோன்றியது.

இடது சக்கரத்துக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஒரு ஸ்பிரிங் கையைவிட்டுத் தெறித்துச் சுவரில் மோதி விழுந்தது. விரலில் ரத்தம். தண்ணீர்ச் சொம்போடு நின்ற நான், "இப்பவாச்சும் யாரையாச்சும் கூப்புடுவோமேங்க" என்றேன். அவர் சொம்பை வாங்கவில்லை. அதற்குப் பிறகு சீட்டியும் இல்லை.

சாயங்காலம் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சந்தனம், குங்குமம் எடுத்துக்கினு வா" என்றார். கோயிலுக்குக் கூப்பிட்டால் கால் வலிக்கிறது என்கிற மனிதர். ஆனால் ஆயுத பூஜைக்குத் தன் மிஷினுக்குப் பொட்டு வைப்பதை மட்டும் ஒரு வருடமும் விட்டதில்லை. வேலை போன பிறகு பொட்டு வைக்க அவருக்கென்று ஒரு மிஷின் இல்லை. இரண்டு பின் சக்கரங்களின் மூடியிலும் சந்தனத்தைக் குழைத்து வட்டமாக வைத்து, அதன் நடுவில் குங்குமம் இட்டார். "நாளைக்கி தைரியமா ஓட்டு" என்றார். தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் மகளை மட்டுமாவது பஸ்ஸில் அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே அவளைத் தூக்கிப் பின் இருக்கையில் உட்காரவைத்துவிட்டார். அவர் முகத்துக்கு முன்னால் பிள்ளையை இறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

டோல்கேட் வரை ஒன்றுமில்லை. அதைத் தாண்டியதும் பின்னாலிருந்து உரசல் சத்தம். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை. வேகத்தைக் குறைத்து ஓரமாகவே ஊர்ந்து போனேன். மயிலத்துக்குப் பிரிகிற கூட்டேரிப்பட்டில் ஒரு மெக்கானிக் கொட்டகை கண்ணில் பட்டது.

மெக்கானிக்கின் குரல் லாரி ஹாரன் போல. இடது சக்கரத்தைக் கழற்றியதும் ஆரம்பித்தார். "யாரு மேடம் இத மாட்டினது? ஸ்பிரிங்கு ஓட்டையில உக்காரவே இல்ல, ஓரத்துல தொத்திக்கினு நிக்குது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா கழண்டு உள்ள வுழுந்து சக்கரத்தையே கவ்விக்கினு இருக்கும். கொழந்தைய வேற வச்சிக்கினு!"

"விழுப்புரத்துல ஒரு மெக்கானிக்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன சும்மா வுடாதீங்க. நேராப் போயி நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேளுங்க."

எதற்கும் பார்த்துவிடுவோம் என்று வலது சக்கரத்தையும் பிரித்தார். பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இது சுத்தமா பண்ணிக்கிறானே! ரெண்டும் ஒரே ஆளா?" அசட்டுத்தனமாக எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஒரே ஆள் என் புருஷன் என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும் பழைய துணியால் இரண்டு மூடிகளையும் அழுத்தித் துடைத்துக் கொடுத்தார். திண்டிவனத்தில் பள்ளிக்குள் காரை நிறுத்தி இறங்கியபோதுதான் பொட்டு இல்லாததைப் பார்த்தேன். கைப்பையில் மயிலம் கோயில் குங்குமம் ஒரு பொட்டலம் இருந்தது. விரலை நனைத்து இரண்டு சக்கரத்துக்கும் பொட்டு வைத்தேன்.

"அப்பாகிட்ட சொல்லாத பாப்பா. மனசு கஷ்டப்படுவாரு."

"சொல்ல மாட்டேன். ஆனா கேட்டாருன்னா?"

"கேக்க மாட்டாரு."

சாயங்காலம் வீடு திரும்பியபோது அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். "எப்பிடி இருந்திச்சி பிரேக்கு?"

"வெண்ணெ மாதிரி புடிக்குதுங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துப் பொய் சொல்லலாம் என்று இருந்தது. மகள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அவர் பின்னால் போய் வலது சக்கரத்தருகே குனிந்தார். பிறகு சுற்றிவந்து இடது சக்கரத்தருகே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது வாசலைக்கூடத் தாண்டவில்லை.

"சந்தனம் வச்சி அதும்மேல குங்குமம் வச்சேன். இது வெறும் குங்குமம்" என்றார், நிமிராமல். "யாரு பிரிச்சது?"

கூட்டேரிப்பட்டைச் சொன்னேன்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். ஒரு ஸ்பிரிங்கு மட்டுந்தாங்க. வலது பக்கம் ரொம்ப சுத்தமா இருக்குன்னு சொன்னாரு."

கடைசியில் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மெதுவாக எழுந்தார். எதிரே பூனைப் படங்கள் ஒட்டிய கண்ணாடி. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா வழியில முன்னாடி மாறி உக்காந்துக்கினாதான?"

ஆமாம் என்ற ஒரு சொல்லைக் கேட்கத்தான் அவர் நின்றார். காலையில் முன்பின் தெரியாத மனிதரிடம் கண் இமைக்காமல் பொய் சொன்னவள் நான். பெற்ற பிள்ளைக்கும் மறைக்கச் சொல்லிக் கொடுத்தவள். அந்த ஒரு சொல்லைத் தேடினேன். கண்ணாடியில் தலை எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது.

"இல்லீங்க" என்றேன். "எப்பவும் போல அங்கதான்."