உலகநாதன் சொன்ன சாட்சி

பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரியில், பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பன்னிரண்டு வருஷம் தலையாரியாக இருந்தவர் உலகநாதன். போலீஸ் எந்த வீட்டைச் சோதனை போட வந்தாலும் அவரையும் அழைத்துக்கொண்டு போகும். வாசலில் நின்று வீட்டுக்காரர் பேரைச் சொல்லி, வந்திருப்பது யார், எதற்கு என்று உரக்கச் சொல்வது அவர் வேலை. அதற்கு முன்னால் யாரும் படி தாண்டக் கூடாது. பிரெஞ்சுக்காரன் சட்டம் அது என்று வேலையில் சேர்ந்த அன்றே அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

1937 ஆடி மாதம், உச்சிவேளை. காசம்மாள் வீட்டில் திருட்டுச் சாராயம் இருக்கிறதென்று யாரோ சொன்னதைக் கேட்டு, புதிதாக வந்த போலீஸ் அதிகாரி இரண்டு சிப்பாய்களோடு வந்து நின்றார். காசம்மாள் புருஷனை இழந்தவள். கொஞ்சம் நெல் நிலத்தை வைத்துப் பிழைப்பவள்.

உலகநாதன் தொண்டையைச் செருமினார். அதிகாரி அவர் தோளை அழுத்தினார்.

"வாயத் தொறக்காத. நீ கூப்புட்டா அவ எல்லாத்தையும் கொட்டிக் கவுத்துடுவா."

"கூப்புடாம போவக் கூடாதுங்களே..."

"சும்மா இருய்யா!"

உலகநாதன் சும்மா இருந்துவிட்டார். சிப்பாய் உதைத்த உதையில் கதவு பெயர்ந்து உள்ளே சாய்ந்து சோற்றுப் பானையில் மோதியது. அதன் பின்னால் குந்தியபடி சோறு வடித்துக்கொண்டிருந்த காசம்மாளின் கைகளில் கொதிகஞ்சி கொட்டியது. அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. வீட்டைப் புரட்டிப் பார்த்தும் ஒரு சொட்டுச் சாராயம் இல்லை.

புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. வலதுகை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. அதன் பிறகு அவளால் நாற்றுப் பிடிக்க முடியவில்லை. அவள் தம்பி சிங்காரவேலு புதுச்சேரிக்குப் போய் வழக்குப் போட்டான்.

மூன்று தடவை கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை என்று அதிகாரி கோர்ட்டில் சொன்னார். சிப்பாய்களும் அதையே சொன்னார்கள். உலகநாதனும் அப்படியே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேலை இருக்காது என்று முதல்நாளே அதிகாரியின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

கூண்டில் ஏறியவருக்கு எதிரே காசம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் கூப்புடலீங்க. கூப்புடாதன்னாரு, பயந்துட்டேன். ஒரு கொரல் குடுத்திருந்தா அந்தப் பொண்ணு எழுந்து வந்திருக்கும்."

அதிகாரிக்கு மூன்று மாதம் சிறை கிடைத்தது. அந்த மாதமே வேறு ஏதோ காரணம் காட்டி உலகநாதனை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

சாட்சி சொன்ன அன்று கோர்ட்டு வாசலில் காசம்மாள் அவரருகே வந்தாள்.

"இன்னிக்கு உள்ளத சொன்னீங்கண்ணே. அன்னிக்கே கூப்புட்டிருக்கலாமில்ல?"

அவள் தம்பியோடு வண்டியேறிப் போகும் வரை அங்கேயே நின்றார். வேலை போன மறுவாரம் கரும்பு வெட்டுக்கு ஆள் எடுத்த இடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார்.