அடைப்புக்குறிக்குள் ஒரு பொறுப்பு

போன செவ்வாய்க்கிழமை காலை. செம்பூர் வீட்டில் பேப்பரைப் பிரித்த நேரம். தாராவியிலிருந்து பேச்சியம்மாளின் போன்.

"அண்ணாச்சி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. போர்டு எழுதணும்."

"என்ன போர்டு?"

"சண்டாஸ் போர்டு."

இந்த ஊரில் கழிப்பறைக்கு அதுதான் பெயர். 'ஆண்கள்', 'பெண்கள்' என்று எழுத நான் எதற்கு?

"அதுக்கெல்லாம் படம் போட்டாச்சு. இது ஆபீஸர் பேரு போடுத போர்டு. நீங்கதான பேப்பர்ல எழுதுதீங்க?"

பேச்சியம்மாள் முறுக்குச் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆகிறது. அவருடைய சந்தில் புதுக் கழிப்பறை கட்டி முடித்து மூன்று மாதம். டைல்ஸ், குழாய், பெயின்ட்... எல்லாம் பிரமாதம். கதவில் பூட்டு.

அவர் மருமகள் செல்விக்கு ஏழாவது மாதம். ஒவ்வொரு முறையும் மெயின் ரோட்டைத் தாண்டிப் போய், அந்தப் பக்கத்து சண்டாஸில் கியூ நிற்கிறாள். மழை வேறு.

ஏன் திறக்கவில்லை? சீர்திருத்தம்!

சம்பந்தப்பட்ட இலாகாவில் ஒரு புது உத்தரவு. இனி அதிகாரிகள் மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கட்டடத்திலும் அதிகாரியின் பெயர், போன் நம்பர் — மராத்தியிலும், அந்தப் பகுதி மக்களின் மொழியிலும் — எழுதி மாட்ட வேண்டும். போர்டு இல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது.

நல்ல உத்தரவுதான். ஒரே சிக்கல்... பெயர் கொடுக்க ஆள் இல்லை. முதல் அதிகாரி மெடிக்கல் லீவில் போனார். இரண்டாமவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். மூன்றாமவர் தற்காலிகம். பதவிக்குப் பக்கத்தில் 'பிரபாரி' — அதாவது தற்காலிகமாகப் பார்த்துக்கொள்பவர் — என்று போட்டால்தான் பெயர் தருவேன் என்றாராம். (அந்தப் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. அவர் ரொம்பச் சந்தோஷப்படுவார்.)

நான் போனபோது மராத்தி வரி முடிந்திருந்தது. பெயின்டருக்குத் தமிழ் தெரியாது. காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அப்படியே வரைவார். 'பிரபாரி'க்கு நான் யோசிக்கவே இல்லை. 'தலைமையாசிரியர் (பொறுப்பு)' என்று நியூஸ் டெஸ்க்கில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அதே பழக்கத்தில் பெயர், பதவி, பக்கத்தில் '(பொறுப்பு)'.

பெயின்ட் காய்வதற்குள் அதிகாரியே வந்துவிட்டார். தமிழ் வரியைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று இந்தியில் கேட்டார்.

"யே க்யா லிகா ஹை?"

பேச்சியம்மாள் முந்திக்கொண்டார். "பொறுப்பு, சாப். மத்லப்... ஜிம்மேதாரி!"

மனிதர் ஓரடி பின்வாங்கினார். "ஜிம்மேதாரி? மேரி? நை நை! மை தோ ஸிர்ஃப் சார்ஜ் மே ஹூ!"

சார்ஜில் மட்டும்தான் இருக்கிறாராம். பொறுப்பில் இல்லையாம்.

நான் விளக்கினேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அடைப்புக்குறிக்குள் இருந்தால் தற்காலிகம். வெளியே வந்தால் நிஜம்.

"அப்ப அந்த ரெண்டு வளைவுதான் வித்தியாசமா, அண்ணாச்சி?"

"ஆமாம்."

பேச்சியம்மாள் பெயின்டரின் கையிலிருந்த துணியைப் பிடுங்கினார். இரண்டே இழுப்பு. அடைப்புக்குறி போயிற்று. பொறுப்பு வெளியே வந்து நின்றது.

"யே க்யா கியா, மௌசி!" — என்ன காரியம் செய்தாய், சித்தி — என்று அலறிய அதிகாரி, மேலதிகாரிக்குப் போன் போட்டார். தன் பெயர் வேண்டாம், மேலதிகாரியின் பெயரையே போட்டுவிடலாமா என்று பணிவாகக் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து உத்தரவு வந்தது — போர்டு 'பிராசஸில் இருக்கிறது' என்று ஃபைலில் எழுது. கதவை உடனே திற. தயவுசெய்து அந்தப் போர்டை மட்டும் மாட்டாதே!

மூன்று மாதம் வராத சாவி இருபது நிமிடத்தில் வந்தது. ரிப்பன் இல்லை, தேங்காய் இல்லை. செல்விதான் முதலில் உள்ளே போனாள். வெளியே வந்து, "தண்ணி வருது, அத்தே" என்றாள். திறப்பு விழா உரை அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தேன். சீர்திருத்தம் தோற்றுவிட்டது என்று எப்படிச் சொல்வது? அதிகாரியின் பெயர் மாட்டியிருந்தால், அடுத்த மாற்றல்வரை அது வெறும் தகரம். மாட்டிவிடுவார்களோ என்ற பயம்தான் பூட்டைத் திறந்தது!

நேற்று பேச்சியம்மாளைப் பார்த்தேன். மாவு டின்னுக்குப் பின்னால், பழைய சேலை சுற்றிப் பத்திரமாக இருக்கிறது போர்டு.

"இனி இது எதுக்கு? பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாமே?"

"அதெப்படி? திரும்பப் பூட்டிப் பாக்கட்டும். எடுத்து மாட்டிருவேன்லா!"