நான் போடச் சொன்ன இரண்டு பட்டை

இன்று காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரில், கடலை மண்டி நைனாரின் புது ஜப்பான் டீசல் லோடு வண்டி மூட்டைகளோடு வந்து, பிரேக் பிடிக்காமல் இளநீர் வண்டியில் முட்டி நின்றது. இளநீர்க்கார அம்மா இரண்டடி தள்ளி நின்றதால் பிழைத்தாள்.

டிரைவர் காதர் பாய் இறங்கி ஓடி, பக்கத்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இது புது மாடலுங்க. லோடு ஏத்தினா பின்னாடி தாழும் இல்ல, அந்த அளவ வெச்சித்தான் பின்சக்கரத்துக்கு பிரேக் போவும். ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை கூடப் போட்டுட்டீங்க, தாழல. காலியா இருக்குதுன்னு வண்டி நெனச்சிக்கிச்சி."

மண்டியிலிருந்து ஓடிவந்திருந்த நைனார், காதர் பாய் பக்கம் திரும்பினார். "என்னக் கேக்காம பட்டை போட்டது நீதான? நாளைலேர்ந்து வராத."

பாய் என்னைப் பார்த்தார்.

போன மாதம் டீக்கடையில், "ஜப்பான்காரனுக்கு நம்ம லோடு இன்னா தெரியும்? ரெண்டு பட்டை சேத்துப் போடுங்க பாய்" என்று சொன்னது நான். எனக்குச் சைக்கிளே ஒழுங்காக ஓட்ட வராது.

"நைனாரே, நான்தான் போடச் சொன்னேன்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நைனாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உன் பேச்ச நம்பி எவனாச்சும் ஒரு ஆணி அடிப்பானா? அவனக் காப்பாத்தக் கத வுடாத."

பாய் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

என் பேச்சை நம்பி எதையாவது செய்து கெட்டுப்போனவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து நாளை காலை மண்டிக்கு வாருங்கள். எனக்குச் சாட்சி வேண்டும்.