பியர்ப் பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டி

கடந்த ஆகஸ்ட் மாதம், கற்பிட்டிக் கடற்கரையில் வாடகைக்கு எடுத்த கபானா என்னும் சிறு குடிலில் நாங்கள் ஐந்து பேர் கூடினோம். நான், புத்தளத்துக் கனமூலை நண்பன், சிலாபத்து நண்பன், குருநாகலில் இருந்து வந்த இருவர். எல்லோரும் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவன் கட்டாரில் வேலை செய்கிறான். மற்றவனுக்கு அந்த வாரம்தான் குழந்தை பிறந்திருந்தது.

பியர் தெரிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். எந்த வேலையைக் கொடுத்தாலும் பரீட்சைக்குப் படிப்பதுபோல்தான் செய்வேன். யாருக்கு லாகர், யாருக்குக் கறுப்பு ஸ்டவுட், யாருக்குக் கடுமையானது என்று ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துக் கேட்டேன். போயா எனும் பௌர்ணமி தினத்தில் கடை பூட்டு என்பதால், நாளையும் பார்த்துத்தான் குறித்தேன்.

சிலாபத்து நண்பனுக்கு எடுத்தபோது அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மச்சான், நான் நிப்பாட்டி எட்டு மாசம். இன்னொருக்காக் குடிச்சா அவ பிள்ளையத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருவா. போன முறை எவ்வளவு கெஞ்சிக் கூட்டி வந்தன் எண்டு எனக்குத்தான் தெரியும். ஆனா உங்களையெல்லாம் பாக்கணும் போல இருக்கு. வரட்டா, வேணாமா? வேற ஒருத்தருக்கும் சொல்லிராத."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். எங்கள் கூட்டத்தின் பழக்கம் அப்படி. மதம் தடுக்கிறது என்றால் மரியாதையாக விட்டுவிடுவார்கள். வேறு யாராவது வெறுங்கையோடு இருந்தால், டொக்டர் சொன்னாரா, மனிசிக்குப் பயமா என்று துருவித் துருவியே கையில் ஒன்றைத் திணித்துவிடுவார்கள்.

கனமூலை நண்பனிடம் யோசனை கேட்டேன். அவன் முஸ்லிம், எங்களோடு உட்காருவான், தொடமாட்டான். ஒருவன் குடியை விட்டுவிட்டான் என்று மட்டும் சொன்னேன். யாரென்று அவன் கேட்கவேயில்லை.

"குடிக்காத ஆளுக்கு என்ன எடுத்திருக்கிற?"

"பெரிய சோடாப் போத்தல் ஒண்டு."

"அஞ்சு வருஷமா எனக்கும் அதே சோடாதானேடா! கேஸ் போய், சூடாகி, கசாயம் மாதிரி. பியருக்கு மட்டும் இத்தன ஆராய்ச்சி!" என்று சிரித்தான். "நீ ஒன்ட பெட்டியப் பாரு. பக்கத்துப் பெட்டி என்ட பொறுப்பு. அவன வரச் செல்லு."

கூடிய நாள் பின்னேரம், கனமூலை நண்பன் மீன் ஏற்றும் ரெஜிபோம் என்ற தெர்மோகோல் பெட்டி நிறைய ஐஸோடு வந்து இறங்கினான். நன்னாரி சர்பத், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணி, புளிக்கரைசல், வத்தகப்பழச் சாறு, இஞ்சிச் சாறு. என் பெட்டியில் மூன்று வகை, அவனுடையதில் ஐந்து.

நான் பியர்ப் பெட்டியைத் திறந்ததும், குருநாகல்காரர்களில் வாய்க்காரன் ஒரு கேனை எடுத்துச் சிலாபத்து நண்பனின் கையில் வைத்தான்.

"இந்தா, உன்ட லாகர்."

"இப்ப வேணாம்டா."

"ஏன், மனிசி போன்ல பாத்துக்கொண்டு இருக்கிறாவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். அவனுடைய விரல் கேனின் வளையத்துக்குப் போய்விட்டது. நான் வாய் திறந்தால் அவனுடைய இரகசியம் போகும். திறக்காவிட்டால் எட்டு மாதம் போகும்.

"டேய், அவனுக்குக் குடுக்காத! அவன்தான் இண்டைக்கு ஜட்ஜ்," என்று கனமூலை நண்பன் சத்தம் போட்டான். "என்ட அஞ்சுக்கும் மார்க் போடணும். பியர் பட்ட நாக்குக்கு என்ன ருசி தெரியும்? அதக் கீழ வெச்சிட்டு இதப் புடி."

சிலாபத்து நண்பன் கேனை வைத்துவிட்டு கிளாஸை வாங்கிக்கொண்டான்.

"இவனா ஜட்ஜ்? தேத்தண்ணிக்கும் கோப்பிக்கும் வித்தியாசம் தெரியாதவன்!" என்றான் வாய்க்காரன்.

"அப்ப நீயும் வா. ஆனா ஒன்ட கேனும் மூடித்தான் இருக்கணும்."

அவனும் வந்துவிட்டான். சிலாபத்தான் தேசிக்காய்த் தண்ணியை ஒரு வாய் குடித்து, "உப்புக் கூட. நாலு மார்க்," என்றான் முகத்தைச் சுளித்து.

"உப்பு வெளையிற புத்தளத்தான்ட்ட வந்து உப்பக் கொறை செல்றியா நீ!"

பொழுது சாயும்வரை புளியா, சர்பத்தா என்றுதான் சண்டை. பியரும் குடித்தார்கள், ஆனால் ஒருவன் ஏன் குடிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

சாமான்களை ஏற்றும்போது கனமூலை நண்பனிடம் மெதுவாகக் கேட்டேன், அவன்தான் என்று எப்படித் தெரியும் என்று.

"நீ பெட்டியத் தொறக்கக்குள்ள எல்லாரும் பெட்டியப் பாத்தாங்க. அவன் மட்டும் கடலப் பாத்தான்."

சொல்லிவிட்டுத் தன் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றினான். இன்றுவரை அந்தக் கதையை எடுத்ததில்லை. தான் குடிக்காததைப் பெருமையாகப் பேசாதவன், இன்னொருவன் குடிக்காமல் இருப்பதற்கு இவ்வளவு பாடுபட்டான். அவனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது. சிலாபத்து நண்பனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாத," என்றான்.

வந்தபடியே, குடிக்காமல், அவன் தன் மனைவி பிள்ளையிடம் திரும்பிப் போவதற்கு, ஐஸையும் சேர்த்து, எங்கள் ஐந்து பேருக்கும் அந்தப் பக்கத்துப் பெட்டிக்குச் செலவானது மூவாயிரத்து நானூறு ரூபா.