நிடியாவின் இயந்திரம் எதைப் பார்த்தது

நிடியா ஒலாசாபாலுக்கு முகம் பிடிபடாது. பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், கோடை விடுமுறை முடிந்து வந்தால் என்னைப் பார்த்து "நீ புதுசா?" என்பாள். கறிக்கடைக்காரரைப் பாதிரியார் என்று நினைத்து, ஞாயிறு பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கிறாள். கண்ணில் கோளாறில்லை, கண்ணுக்குப் பின்னால் எங்கோ என்றார் மருத்துவர். அப்படிப்பட்டவள் கம்ப்யூட்டருக்குப் பார்க்கக் கற்றுத்தரும் படிப்புக்குப் போனாள் என்றதும் எங்கள் தக்குவரெம்போ ஊரே சிரித்தது. நானும்தான்.

தலைநகர் மொண்டெவிடியோவில் படித்தபோது தபால் உறைகளில் கிறுக்கிய எண்களை இயந்திரம் வாசிக்கும்படி செய்தாள். பிரேசிலில் முனைவர் பட்டம் வாங்கியது மனித முகங்களுக்காக. இது இன்னார், இது இன்னார் என்று ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கினால், காட்டாத படத்தையும் அது தானே கண்டுகொள்ளுமாம்.

"நீயும் அப்படியே பழகியிருக்கலாமே, டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஏறலடா. அதுக்காவது ஏறட்டும்."

நாற்பத்தெட்டு வயதில் எங்கள் ஊரில் இருக்கும் பல்கலைக்கழகக் கிளைக்கு வந்து சேர்ந்தாள். தாழ்வாரத்தைத் தடுத்து ஓர் அறை கொடுத்தார்கள். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. விசிறி கம்ப்யூட்டருக்கு, அவளுக்கு இல்லை.

என் பெயர் வில்மார். முப்பது வருஷமாக மாட்டு வைத்தியம். என்னைத் தெருவில் பார்த்தால் உடனே கையசைப்பாள், எனக்கும் பெருமையாக இருக்கும். ஒருநாள், எப்போதும் கக்கத்தில் இருக்கும் தெர்மாஸை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். என்னை இடித்துக்கொண்டு போனவள் மன்னிப்புக் கேட்டாள், முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல.

"உன் மூஞ்சிய வச்சா கண்டுபிடிக்கிறேன்னு நினைச்ச? அந்த நசுங்கின பச்சைத் தெர்மாஸ வச்சுடா!"

எங்கள் ஊரில் யாரும் அதில்லாமல் வெளியே இறங்குவதில்லை. இடது கக்கத்தில் வெந்நீர்த் தெர்மாஸ், இடது கையில் மாத்தே என்னும் இலைச்சாறு குடிக்கும் குடுவை. மற்ற வேலையெல்லாம் வலது கையால்தான். குழந்தையைத் தூக்குவதும் அப்படித்தான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் என்னிடம் வந்தது 'சோகம்' விஷயமாக. உண்ணி கடித்து மாட்டுக்கு வரும் காய்ச்சலுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ரத்தப் பரிசோதனை முடிவு வர இரண்டு நாள் ஆகும், அதற்குள் மாடு போய்விடும். செல்போனில் மாட்டின் முகத்தைப் படமெடுத்ததும் நோய் உண்டா இல்லையா என்று சொல்லும் இயந்திரம் செய்யப்போகிறேன் என்றாள். மாட்டுக்கு நேரே நின்று நான் படமெடுக்க வேண்டும். பிறகு பண்ணையாட்கள் எல்லா மாட்டுக்கும் ரத்தம் எடுப்பார்கள். எது நோய் மாடு, எது நல்ல மாடு என்பதை ரத்தம் சொல்லும்.

ஆறாயிரம் படம் எடுத்துக் கொடுத்தேன். அவற்றில் அது அதுவரை பார்க்காத மாடுகளின் படங்களைக் காட்டியபோது இயந்திரம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியாகச் சொன்னது. கட்டுரை வெளியானது. உள்ளூர் வானொலியில் அவளைப் பேச வைத்தார்கள். அவளுக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் குறித்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அதுதான் கடைசி வாய்ப்பு, கையில் இருந்தது இந்த ஒரு வேலைதான். நேர்காணல் முடிந்ததும் சின்னப் பண்ணைக்காரர்களின் செல்போனில் இதை ஏற்றிக் கொடுப்பதாக ஏற்பாடு.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து மாவட்டமான ரிவேராவிலிருந்து ஒரு பண்ணைக்கார அம்மா தன் நூற்று நாற்பது மாடுகளின் படத்தை அனுப்பினாள். அத்தனை மாட்டுக்கும் சோகம் என்றது இயந்திரம். அந்த அம்மாவின் மாடுகளோ புல்லை மேய்ந்துகொண்டு ஜம்மென்று நின்றன.

நிடியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இயந்திரம் படத்தில் எந்த இடத்தைப் பார்த்து முடிவுக்கு வந்தது என்று சிவப்புப் பூச்சாகக் காட்டும் வழி ஒன்று உண்டு. காட்டச் சொன்னாள். சிவப்பு மாட்டின்மேல் இல்லை, வேலிக் கம்பியில் இருந்தது. கம்பியை அழித்துவிட்டுக் காட்டினாள். சிவப்பு பின்னாலிருந்த தொடுவானத்துக்குப் போனது. அதையும் அழித்தாள், தண்ணீர்த் தொட்டியின் விளிம்புக்கு வந்தது.

"மாட்டைத் தவிர எல்லாத்தையும் பாக்குதுடா. வெயிலா? தூசியா? ரிவேரா மாடு வேற சாதியா? எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்போல இருக்கு."

"மாட்டுக்கு ஒன்னுமில்ல, உன் பொட்டிக்குத்தான் சோகம்," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நேர்காணலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது நான் படமெடுக்கும் பண்ணைக்கே வந்துவிட்டாள். வேலிமேல் ஏறி உட்கார்ந்தாள். "எப்பவும் எடுக்கிற மாதிரி எடு. நான் மாட்டைப் பாக்கப்போறதில்ல, உன்னத்தான் பாக்கப்போறேன்."

எடுத்தேன். பத்து மாடு, இருபது மாடு. இருபத்தோராவதாக ஒரு செவலைப் பசு வந்தது. படமெடுத்து முடித்ததும் வேலியிலிருந்து கத்தினாள்.

"தெர்மாஸ் எங்கடா?"

குனிந்து பார்த்தேன். கல்மேல் இருந்தது, குடுவையும் பக்கத்தில்.

"ஏன் கீழ வச்ச?"

"இவ ஆளு சரியில்ல. கழுத்து, காதெல்லாம் தடவிப் பாக்கணும். ரெண்டு கையும் வேணும்ல?"

"நல்ல மாடுன்னா?"

"அதுக்கு எதுக்குக் கீழ வைக்கணும்?"

இறங்கி வந்தாள். தெர்மாஸைத் தானே எடுத்து என் கக்கத்தில் செருகி, செவலையை மறுபடி எடுக்கச் சொன்னாள். ஒற்றைக் கையால் எடுத்தேன். 'நலம்' என்றது இயந்திரம். தெர்மாஸை வைத்துவிட்டு இரண்டு கையாலும் எடுத்தேன். 'சோகம்' என்றது. பிறகு நல்ல மாடு ஒன்றை இரண்டு கையால் எடுத்தேன். அதுவும் 'சோகம்'. கக்கத்தில் தெர்மாஸ் இருந்தால் படம் இரண்டு விரற்கடை சாய்கிறது. ஆறாயிரம் படத்திலும் நல்ல மாட்டின் படமெல்லாம் சாய்ந்திருந்தது, நோய் மாட்டின் படமெல்லாம் நேராக இருந்தது. கம்பி, தொடுவானம், தொட்டி விளிம்பு மூன்றிலும் இயந்திரம் அந்தச் சாய்வைத்தான் பார்த்திருக்கிறது. ரிவேரா அம்மா இரண்டு கையாலும் பிடித்து ஒழுங்காக எடுத்திருக்கிறாள்.

நிடியா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "படத்தைச் சாய்ச்சும் காட்டித்தான் பழக்குவோம், அது வழக்கம். மாடு சாஞ்சு நிக்காதேன்னு நாந்தான் விட்டுட்டேன்." பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "என்ன மாதிரியேடா! முகத்தப் பாக்கல. தெர்மாஸப் பாத்திருக்கு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய நான்கு வருஷத்தை என் கக்கம் தின்றுவிட்டது. "எல்லாத்தையும் நிமிர்த்திட்டு மறுபடி பழக்கேன்," என்றேன்.

இரண்டு நாள் கழித்து வந்து சொன்னாள், "நிமிர்த்திட்டேன். நோய் பாதி, நல்லது பாதி வச்சுச் சோதிச்சா நூத்துக்கு அறுபத்தொன்னு. காசைச் சுண்டிப்போட்டாலே அம்பது வரும்."

"யாருக்குத் தெரியப்போகுது? பதவி கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்." வெட்கமில்லாமல் இதைச் சொன்னவன் நான்தான்.

"ஒருத்தன் தெர்மாஸோட எடுப்பான். நலம்னு வரும். மாட்டைத் தொழுவத்துல கட்டிட்டு நிம்மதியாத் தூங்குவான். காலையில?" என்றாள்.

போகும்போது வாசலில் நின்று திரும்பினாள். "அது கிடக்கட்டும். செவலை பத்தடி தள்ளி வரும்போதே நீ தெர்மாஸைக் கீழ வச்சிட்ட. ரத்தமும் சோகம்னுதான் சொல்லுது. நீ என்னத்தப் பாத்த?"

"என்னமோ... ஒரு மாதிரி இருந்தா."

"என்ன மாதிரி? காதா? நடையா? கண்ணா?"

யோசித்தேன். காதில்லை. நடையில்லை. கண்ணைச் சரியாகப் பார்த்ததாகக்கூட ஞாபகமில்லை. "தெரியல," என்றேன்.

நேர்காணலில் எல்லாவற்றையும் அவளே சொன்னாள், தெர்மாஸ் உட்பட. சரி, நான்கு வருஷத்தில் கண்டுபிடித்ததுதான் என்ன என்று கேட்டார்களாம். வில்மாருக்குத் தெரிகிறது, எப்படித் தெரிகிறது என்பது அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை என்றாளாம். பதவி மொண்டெவிடியோக்காரர் ஒருவருக்குப் போனது. அன்று அந்தக் குழுவைத் திட்டித் தீர்த்தேன், அதைவிட என்னைத்தான் அதிகம்.

இப்போது மாதம் ஒருமுறை வருகிறாள். வேலிமேல் உட்கார்ந்து கேமராவை மாட்டின்மேல் இல்லாமல் என்மேல் திருப்பி வைத்துக்கொள்கிறாள். அவள் பார்க்கிறாள் என்ற நினைப்பில் எனக்கு வேலையே ஓடுவதில்லை. போன வாரம் ஒரு கிடாரி எதிரே வந்தது. தெர்மாஸை வைக்கப் போனேன், வைக்கவில்லை. மறுபடி குனிந்தேன், நிமிர்ந்தேன். முப்பது வருஷத்தில் இப்படி நின்றதில்லை. கடைசியில் கீழே வைத்தேன்.

"சோகமா?" என்று கத்தினாள்.

இரண்டு நாள் கழித்து ரத்தமும் ஆமாம் என்றது. நோய் தெரிந்துதான் வைத்தேனா, கை கடுத்துப்போய் வைத்தேனா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அதையும் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.